கிளறாமல் விட்ட கொக்கோ

எங்கள் கொக்கோத் தோட்டம் மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே இருந்தது. கொட்டை பதப்படுத்தும் ஸ்டோரில், வெயில் படாத நிழலில் வேலை கிடைத்தவளை மற்றப் பெண்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். எனக்கு நிழல் பெரிதில்லை. பக்கத்திலேயே பிள்ளைக்காம்பரா இருந்தது. கைப்பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டு, நினைத்தபோது ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம்.

பழத்திலிருந்து எடுத்த கொட்டையைக் குவித்து, வாழையிலையால் மூடிப் புளிக்க வைப்போம். உள்ளே சூடேறும். அவ்வப்போது கிளறிவிடாவிட்டால் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் நாசம். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கொக்கோவுக்குத் தெரியுமா? கூலி இல்லாவிட்டாலும் நான் போய்க் கிளறிவிட்டு வருவேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. சுபாவமே அப்படி.

நாங்கள் குடியிருந்த லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்டோரிலும் அவள் என்னோடுதான். என் பிரசவத்தில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, குவியலைப் பார்த்துக்கொள்ளும்படி எல்லார் காதிலும் விழ அவளிடம்தான் சொன்னேன். கவலைப்படாமல் போகச் சொன்னாள். நம்பிப் போனேன்.

பிள்ளை தேறித் திரும்பி வந்தபோது குவியல் வெள்ளை பூத்து நாறிக்கொண்டிருந்தது. ஒருத்தியும் கை வைக்கவில்லை. கணக்கப்பிள்ளை வந்து விசாரித்தார்.

"எங்ககிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகலைங்க ஐயா," என்றாள் அக்கா.

நான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லாரும் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே என்னை மேல்மலைக்குப் புல் வெட்ட அனுப்பினார்கள். இடையில் வந்து போக முடியாத தூரம். மாரில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சட்டை நனையும், கத்தியை வைத்துவிட்டு மரத்தடியில் பீய்ச்சி மண்ணில் விடுவேன். கொஞ்ச நாளில் அதுவும் வற்றிப்போனது. பிள்ளை டின்பாலுக்கு மாறினான்.

தண்ணீர்ப் பீலியில் அக்காவை மறித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"நீ ஞாயித்துக்கெழமையும் போய் நின்ன. அவளப் பாருன்னு கணக்கப்பிள்ளை சொல்லியே எங்களையும் வரவச்சாரு. எம் மகளக் குளிப்பாட்டித் தலை வாரி விட எனக்கு இருந்தது அந்த ஒரு நாளுதான்."

அவள் சொன்னது பொய்யில்லை. அதற்காக என் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் பழி தீர்க்க என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாள்தானா அவளுக்குக் கிடைத்தது?