விரலை எடுத்தால் நின்றுவிடும் வாள்

கல்முனை பிரதான வீதியில் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த வாகைக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். செயின் வாள் உறுமியது. ஏணியில் நின்றவர் விசையிலிருந்து விரலை எடுத்ததும் இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்தார். மறுபடி உறுமல், இருமல், மௌனம். வீதியில் நின்றவர்கள் கிளை விழுவதைப் பார்த்தார்கள். நான் வாளைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான நோய்.

செயின் வாள் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். விரலை எடுத்தால் சங்கிலி நிற்க வேண்டும், எஞ்சின் நிற்கக் கூடாது. இதை நான் அறிந்துகொண்டது நிந்தவூர்க் கடற்கரையில், என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டு வளவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்த வளவு உம்மாவிடமிருந்து ராத்தாவுக்கு வந்தது, அடுத்து ராத்தாவின் ஒரே மகளுக்குப் போக வேண்டியது. அந்த வருடம் மாரி தொடங்குமுன்னரே கடல் வேலியைத் தாண்டி, தென்னைகளின் வேரைக் கழுவிக்கொண்டிருந்தது.

சாய்ந்த மரங்களை விழுமுன் வெட்டி, குற்றிகளை வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அணையாக அடுக்குவதென்று ராத்தாவின் கணவர் கலீல் மச்சான் முடிவெடுத்தார். கரை முழுக்க எல்லாரும் அதையே செய்துகொண்டிருந்ததால் மரம் வெட்ட ஆள் அகப்படவில்லை. யாரிடமோ ஒரு வாளை இரவல் வாங்கி வந்தார். எனக்கு அப்போது அலுவலக வேலை கிடைத்த புதிது. லீவு போட்டு உதவிக்குப் போனேன். உதவி என்றால், அவர் கேட்கும்போது ஸ்குரூ ட்ரைவரைக் கொடுப்பது, கேட்காதபோது அதை மணலில் தொலைக்காமல் வைத்திருப்பது.

வாள் வெட்டும்போது நன்றாகத்தான் ஓடியது. விரலை எடுத்தால் செத்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கயிற்றை இழுத்து மச்சானின் தோள் மூட்டு வீங்கிப்போனது. எஞ்சினைத் தணிந்து ஓடவைக்கும் சின்ன ஆணியை உள்ளே முறுக்கினார். இப்போது எஞ்சின் நிற்கவில்லை, சங்கிலியும் நிற்கவில்லை.

ராத்தா குசினியிலிருந்து ஓடி வந்தாள். "இஞ்சாருங்க, கைய எடுத்தும் அது சுத்துதே! கால வெட்டிப்போட்டு எந்தக் கால்ல கடலுக்குப் போற?"

"நீ உள்ள போகா. இது எஞ்சின் தெரிஞ்ச ஆக்கள்ர வேல."

"ஓம், எஞ்சினுக்கு ஒங்களத் தெரியும். ஒங்களுக்கு எஞ்சினத் தெரியுமா?"

காற்று வடிகட்டியைக் கழுவினோம். பிளக்கைக் கழற்றினோம், கரி பிடித்து ஈரமாக இருந்தது. பாயை விரித்து காபரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பின்னால் ஒரு தென்னை வேரோடு அலையில் விழுந்தது. மச்சான் திரும்பிப் பார்த்தார். பிறகு பழையபடி காபரேட்டரைத் துடைக்கத் தொடங்கினார்.

எல்லாவற்றையும் பூட்டி மறுபடி கிளப்பியபோது, தேத்தண்ணி கொண்டுவந்த ராத்தாதான் புகையை முகர்ந்துவிட்டுச் சொன்னாள்: "இது ஒங்கட சாரன்ல அடிக்கிற மணமெல்லா?"

அந்த மணம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வள்ளத்து எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடலிலிருந்து வருகிறவர்களின் உடுப்பில் மீன் மணத்துக்கு முன்னால் வருவது அதுதான். மச்சான் வள்ளத்துக் கேனில் இருந்த மண்ணெண்ணெயையே வாளுக்கும் ஊற்றியிருந்தார். வேகத்தில் அது எப்படியோ எரிந்தது; தணிந்தால் எரியவில்லை.

"எஞ்சினெண்டா எண்ணெய்தானேகா குடிக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

தாங்கியைக் கழுவி, பெற்றோலில் அளவாக ஒயில் கலந்து ஊற்றி, ஆணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினோம். வாள் தரையில் கிடந்து, சங்கிலி அசையாமல், மெல்ல முனகிக்கொண்டிருந்தது. மச்சான் அதை வேலையில்லாமலே கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சம் நின்ற மரங்களையெல்லாம் வெட்டினோம். குற்றிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டினோம். அணை பார்வைக்குப் பலமாகத்தான் இருந்தது.

மாரியில் கடல் முதலில் அந்தக் கயிறுகளை அறுத்தது. மிதந்த குற்றிகளை ஒவ்வோர் அலையும் தூக்கி வந்து குசினிச் சுவரில் அடித்தது. வெறும் தண்ணீருக்கு அந்தச் சுவர் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். மச்சானிடம் அதைச் சொன்னதில்லை. அவருக்கும் தெரியும்.

அவர்கள் இப்போது மருதமுனையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அண்மையில் சம்மாந்துறையிலிருந்து மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா மரியாதையாகத்தான் கேட்டார், "புள்ளைக்கு வளவு எங்க கிடக்கு?"

"நிந்தவூர்ல" என்றார் மச்சான்.

"ஒருக்காப் பாத்துட்டு வருவமே."

ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களுடைய வாகனத்தில் கிளம்பினார், நானும் போனேன். நிந்தவூர்க் கரையில் இறங்கி நின்று கடலை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தா, அலை உடையிதே, அதுக்கு அங்கால குசினி. இஞ்சால முன்வாசல். பெரிய அறை நடுவுல."

வீட்டுக்கு வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வந்தவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து நல்லா இரிக்கி" என்றார் கடைசியில். பிறகு வாகனத்தை நோக்கி நடந்தார்.