நாரத்தை முள்ளில் கெட்டிமேளம்

கொட்டாரம் ஊரைச் சுற்றி அந்த நாளில் ரசலையனின் மைக்செட் இல்லாமல் கல்யாணம் ஏது? ஆள் தங்கம்; கொஞ்சம் கிறுக்கும் உண்டு. ஊரெல்லாம் சத்தம் வேண்டும் என்றால், இவன் தெளிவு வேண்டும் என்பான். பந்தலில் அகப்பட்டவரைப் பிடித்து நிறுத்துவான். "ரிக்கார்டுலேருந்து ஊசி எடுக்கது எள்ளளவு சத்தம். மெசினுக்குள்ள ஒரு வால்வு அதப் பெருக்கும், அடுத்த வால்வு இன்னும் பெருக்கும். முதல்லயே கீறல் ஏறிச்சின்னா, கீறலும் சேந்துல்லா பெருகும்!"

ஐம்பத்து மூன்று ஆவணியில் மீனாட்சியம்மாளின் மகள் வடிவாம்பாளுக்குக் கல்யாணம். மீனாட்சியம்மாள் கணவனை இழந்தவள். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவள் பார்க்கக்கூடாதாம். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டுமாம். பாழாய்ப்போன வழக்கம்! கெட்டிமேளம் காதில் விழுந்தால்தான் அவளுக்குக் கல்யாணம்.

அன்று பார்த்து மேளக்காரர்கள் வந்த வண்டி வழியில் படுத்துவிட்டது. மீனாட்சியம்மாளின் தம்பி தாணப்பன் ஓடிவந்தார்.

"ஏலே ரசலையா, மங்கள வாத்திய ரிக்கார்டு வச்சிருக்கியா? கெட்டிமேளத்துக்கு அதப் போடு. முட்டம் கடற்கரை வரைக்கும் கேக்கணும்!"

போட்டுப் பார்த்தான். எத்தனையோ கல்யாணத்தில் ஓடித் தேய்ந்த தட்டு. சத்தத்தை முழுக்கத் திருகியதும் ஒலிபெருக்கிக் குழாயில் கடுகு வெடித்தது, நாகசுரத்தைக் காணோம். உள்ளறையில் அந்த அம்மாள் இதையா கேட்பாள்? ரசலையன் தட்டை நிறுத்தினான்.

கொல்லையில் நின்ற நாரத்தையில் நல்ல முள்ளாக ஒன்றை ஒடித்தான். தீப்பெட்டியில் உரசிக் கூராக்கி, இரும்பு ஊசியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். கீறல் அடங்கியது, சத்தமும் இறங்கியது.

"சத்தம் எங்கல போச்சு?" என்றார் தாணப்பன்.

"கொறஞ்சத மெசின் கூட்டித் தந்திரும், அண்ணாச்சி. கீறலத்தான் அதுக்குக் கழிக்கத் தெரியாது."

அளவாகத் திருகினான். தெருவைப் பார்த்திருந்த குழாயை உள்ளறைச் சன்னல் பக்கம் திருப்பிக் கட்டினான். தாணப்பன் குதித்தார். ஊர் கேட்காத கல்யாணம் என்ன கல்யாணம்? ஆனால் மாப்பிள்ளை கையில் தாலி வந்துவிட்டது. சண்டை போட நேரமில்லை.

முள் தட்டில் இறங்கியது. நாகசுரம் பிசிறில்லாமல் எழுந்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. தெருவில் பாதிப்பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள்.

பந்தி முடிந்து ரசலையன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மீனாட்சியம்மாள் கொல்லைப்புறம் வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"கேட்டுதா அம்மா?" என்றான் பயத்தோடு.

"எம் பிள்ளைக்குத் தாலி ஏறினத நான் பாத்துட்டேன், ரசலையா."