பின்சீற்றுக்குக் கீழே

கார் லைற் மங்கலாக எரிகிறது என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நாற்பது வருடம் வயரிங் வேலை செய்தவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் வருகிறதே, என்ன செய்ய?

எண்பத்தாறாம் ஆண்டு என்று நினைக்கிறேன். நானும் அம்மாவும் குருநகர் மீன்பிடிக் கரையை விட்டு வந்து, கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். வாசலில் ஒரு ஓலைக் கொட்டிலைப் போட்டுக் கார், மோட்டார் சைக்கிள் வயரிங் பார்த்தேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம். வலது காலில் புண். கிழமைக்கு இரண்டு பின்னேரம் மருந்து கட்ட மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவவால் பஸ் ஏற முடியாது. சைக்கிளில் ஏற்றினால் புண் உரசும். ஒழுங்காகக் கட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்குத்தர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்.

எங்கள் ஒழுங்கைப் பக்கம் வாடகைக்கு ஹயர் ஓடியது ஒரே ஒரு கார். பழைய இங்கிலீசுக் கார். சொந்தக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசி, மரியாதையாகக் கதைக்கும் மனிதர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் காலையில் அவர் காரோடு வந்து நின்றார்.

"தம்பி, இனிப் பின்னேர ஹயர் ஓடேலாது. லைற் மங்கிச் செத்துப்போச்சு. மானிப்பாயாலை திரும்பி வரேக்கை இருண்டிடும். அம்மாவுக்கு வேறை கார் ஒண்டு பாரும்."

வேறு காருக்கு நான் எங்கே போவேன்? அடுத்த நாள் மருந்து கட்டும் நாள். காரை விட்டுவிட்டுப் போங்கள், பின்னேரத்துக்குள் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

மூடியைத் திறந்து பார்த்தபோதே எரிச்சல் வந்தது. எனக்கு முதல் யாரோ ஒரு விண்ணன் கைவைத்திருந்தான். வயரை வெட்டி முறுக்கி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரைச் சுற்றிவிட்டிருந்தான். பல்ப் இரண்டும் புதிது, பற்றரியும் புதிது என்று அண்ணை சொல்லியிருந்தார். பல்பை மாற்று, அதற்கும் சரிவராவிட்டால் பற்றரியை மாற்று, மூளையை மட்டும் பாவியாதே என்பதுதான் எங்கள் ஊரில் பலருடைய தொழில் முறை. ஸ்ராட்டரும் இழுக்காமல், அண்ணை இரண்டு மாதமாகக் கைபிடி போட்டுச் சுற்றித்தான் காரை எடுத்திருக்கிறார். அதைப் பற்றியும் ஒருவரும் யோசிக்கவில்லை.

லைற்றைப் போட்டுவிட்டு, பின்சீற்றின் ஓரத்தைக் கிளப்பி மீற்றரைப் பிடித்தேன். பற்றரியில் பன்னிரண்டு வோல்ற் இருந்தது. பல்புக்கு வரும்போது ஒன்பதுகூட இல்லை. சுவிச்சையும் வயர்களையும் துண்டு துண்டாகப் பார்த்தேன். பெரிய குறை இல்லை. பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதைக் காரின் வெறும் இரும்பிலும் வைத்தேன். ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில் முள் மூன்றுக்கு மேலே போய் நின்றது. அந்தக் காரில் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே. பற்றரியைக் காரின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டியை முடுக்கியிருப்பதும் அங்கேதான்.

சீற்றை முழுதாகத் தூக்கினேன். ஊறிப்போன தும்பு நாற்றம் முகத்தில் அடித்தது. தரைத்தகடு பொருக்கு விட்டுப் போயிருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதற்கு மேலே மஞ்சளாய் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரையில் பிறந்தவனுக்கு உப்புத் தெரியாதா?

பின்னேரம் அண்ணை வந்ததும் கேட்டேன்.

"அண்ணை, இவ்வளவு உப்பு எப்பிடி வந்தது? கடற்கரையிலையே காரை விடுறனியள்?"

"சீச்சீ, அது தெளிக்கிறது," என்றார் அவர் சாதாரணமாக. "மஞ்சளும் உப்பும் கரைச்சு ஊத்திறனான். சில ஆக்களை ஏத்தி இறக்கினாப் பிறகு."

"எந்த ஆக்களை?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு என் தோளைத் தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்.

"நீர் குறை நினையாதையும். நாளைக்குக் கோயிலுக்குப் போற சனமும் உதிலைதானே இருக்கும். கரைச் சனம் இருந்த சீற்றெண்டு தெரிஞ்சால் ஏறமாட்டினம். உம்மடை அம்மா நல்ல மனுசி. அவவைக் கொண்டுவந்து விட்டிட்டுப் போற நாளிலும் வீட்டை போய்த் தெளிக்கிறனான்தான்."

கிழமைக்கு இரண்டு தரம். அம்மா இறங்கும்போது "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் ராசா" என்று அந்த மனிதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவா. நான் நாக்கில் வைத்த உப்பு அவவைக் கழுவின உப்பு. கையில் இருந்த போல்ட் கழற்றும் சாவியால் அந்த மனிதரின் முகத்தில் ஒன்று போட்டிருக்கலாம். போட்டால் நாளைக்குக் கார் வராது.

குனிந்து வேலையைப் பார்த்தேன். போல்ட்டைக் கழற்றி, பட்டியையும் தகட்டையும் இரும்பு தெரியும்வரை உரஞ்சி, திரும்ப முடுக்கிக் கிறீஸ் பூசினேன். லைற்றைப் போட்டதும் எதிர் மதில் வெளித்தது. அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, உப்பை விடுங்கோ. வெறும் மஞ்சள் தண்ணியே போதும். ஊத்தாமல் துணியை நனைச்சுத் துடையுங்கோ. எர்த் பழுதாகாது."

"அப்ப, உப்பில்லாட்டிலும் துடக்குத் தீட்டுப் போகுமெண்டுறீர்?"

"ஓம் அண்ணை. போகும்."

என் வாயால்தான் சொன்னேன். அவர் மீது வந்த அருவருப்பு அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பியது; இன்னும் போகவில்லை.

அடுத்த கிழமை மானிப்பாயிலிருந்து திரும்பி வரும்போது அம்மா சீற்றைத் தடவிப் பார்த்தா.

"மோனை, மனுசன் காரை என்ன துப்பரவா வைச்சிருக்கிறார் பார். எங்கடை ஆக்கள் உவரிட்டைத் துப்பரவு பழக வேணும்."

அவவின் கால் ஆறும்வரை உப்பைப் பற்றி அவவிடம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. ஆறின பிறகும் கதைக்கவில்லை.