பெருங்காயம் மணத்த ரப்பர் புழு

பொறாமைப்படுவது கெட்ட குணம் என்று யோக்கியம் பேசுகிறவர்கள் வீட்டுக்கு எதிரே ஆல்பர்ட் குடிவந்திருக்க மாட்டான். சிவஞானத்தின் வீட்டுக்கு எதிரே வந்தான். 1999 மார்ச் மாதம், டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், ஒரு டெம்போவில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், நீளமாக ஒரு துணி உறை. அந்த உறைக்குள் இருந்தது தூண்டில் கம்பு. அதைப் பார்த்ததும் சிவஞானத்துக்குச் சந்தோஷம்தான் வந்தது. பாவம், அப்போது அவருக்கு என்ன தெரியும்!

சிவஞானம் முசிறிக்காரர். இருபத்து மூன்று வயதில் டில்லிக்கு வந்தவர். கரோல் பாகில் நாலு பேரோடு ஓர் அறையில் முடங்கிக் கிடந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, இருபத்தைந்து வருஷத்தில் கிளார்க்கிலிருந்து அசிஸ்டென்ட் ஆனவர். அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேர் செக்‌ஷன் ஆபீசராகி அவர் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீசில் அவரை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிவா-ஜி, ஃபைல் கஹான் ஹை?' என்று ஃபைல் எங்கே எனக் கேட்பதற்கு மேல் அவரோடு யாருக்கும் பேச்சில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் இல்லாத நாளில் யாரும் தேடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். விடிந்ததும் இரண்டு பஸ் மாறி வஜீராபாத்துக்கு மேலே போவார். அங்கே யமுனை கொஞ்சம் தண்ணீர் மாதிரி இருக்கும். நாணல் ஓரமாக உட்கார்ந்து ரோகுவுக்குக் கோதுமை மாவு உருண்டை, விராலுக்கு மண்புழு என்று போடுவார். மாவில் வெல்லமும் பெருங்காயமும் சேர்ப்பார். மண்புழுவைக்கூடப் பெருங்காயத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித்தான் மாட்டுவார். "சாம்பாருக்கு இருக்கோ இல்லையோ, மீனுக்குப் பெருங்காயம் போயிருது" என்று அவர் மனைவி அம்சவேணி வாரம் தவறாமல் சொல்வாள். மதியம் ஒரு மணிக்கு அவர் பையோடு திரும்பும்போது, மீன் சாப்பிடும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் ஏனத்தோடு கீழே நிற்பார்கள். மாடி வீட்டு சாந்தகுமாரி, "மீன்கார சார் வந்துட்டாருடி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வாரத்தின் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார் என்பது அம்சவேணிக்குக்கூடத் தெரியாது.

ஆல்பர்ட் தூத்துக்குடிக்காரன். கடற்படைத் தலைமையகத்தில் குமாஸ்தா வேலை. நாலு வருஷம் போர்ட் பிளேரில் இருந்துவிட்டு மாற்றலாகி வந்திருந்தான். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. மனைவி பிரசவத்துக்கு ஊரில் இருந்தாள். வந்த வாரமே சிவஞானம் அவனிடம் போய், "ஞாயித்துக்கெழம நம்மகூட வாங்க தம்பி, இந்த ஊர்ல மீன் எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுறேன்" என்றார். ஆமாம், தானேதான் கூப்பிட்டார். பின்னாளில் இதை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் ஆல்பர்ட் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே தட்டுத் தட்டாக ரப்பர் புழு, ரப்பர் தவளை, வாலாட்டும் ரப்பர் குஞ்சு மீன். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் அனுப்பியதாம். தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது.

"இதையா மீன் திங்கும்? மீன் என்ன கூமுட்டையா?" என்று சிவஞானம் சிரித்தார்.

"திங்காது அண்ணாச்சி, சும்மா கவ்விப் பாக்கும். அது போதும்லா" என்றான் ஆல்பர்ட்.

அவன் உட்காரவே இல்லை. முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோத்து, பாசி நடுவே வீசினான். பாசியில் சிக்காமல் வந்தது. கொஞ்சம் இழுப்பான், நிறுத்துவான், மறுபடி இழுப்பான். நாலு வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் பத்தடி தள்ளிப் போய்விடுவான். அரை மணிக்குள் படீரென்று தண்ணீர் உடைந்தது. ஒரு கிலோ விரால். பத்து மணிக்குள் அஞ்சு. சிவஞானத்துக்கு அன்று கிடைத்தது ஒரே ஒரு ரோகு, அதுவும் கையகலம்.

அன்று மதியம் சாந்தகுமாரியின் ஏனம் ஆல்பர்ட் பக்கம் நீண்டது. "அய்யோ, எவ்ளோ பெருசு!" என்றாள். சிவஞானத்தின் பையை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மகள் கவிதா டில்லியில் பிறந்து வளர்ந்தவள், காலேஜில் படிக்கிறாள். தட்டில் ஆல்பர்ட் கொடுத்த விராலை வைத்துக்கொண்டு, "அப்பா, ஆல்பர்ட் அங்கிள் மீன் ஏக்தம் மஸ்த், செம டேஸ்ட்! நீங்க ஏன் இந்த மாதிரி பிடிக்கறதில்ல?" என்று கேட்டாள். சிவஞானத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

அதற்குப் பிறகு அவர் கண் தன் மிதவையில் நிற்கவில்லை. அவன் வீசுவதையும் எடுப்பதையும் எண்ணிக்கொண்டே இருந்தார். அவனுக்கு மூன்று என்றால் இவருக்கு ஒன்று, அவனுக்கு ஆறு என்றால் இவருக்கு இரண்டு. அவன் நூல் பாசியில் மாட்டினால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. அடுத்த நிமிஷமே அவன் கம்பு வளையும், வந்த குளிர்ச்சி போய்விடும். இருபது வருஷமாக இதே கரையில் உட்கார்ந்து பின்பக்கம் காய்த்துப்போனது இவருக்கு. நேற்று வந்த பயல் ஒரு ரப்பர் துண்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான். போகட்டும், திமிராகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா? "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று காலைச் சுற்றிக்கொண்டே வேறு இருக்கிறான்! அவனைத் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான் சிவஞானத்தை அதிகமாக அரித்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. ஆல்பர்ட் கை கழுவத் தண்ணீர்ப் பக்கம் இறங்கினான். பெட்டி திறந்து கிடந்தது. சிவஞானத்தின் கை தானாகப் போனது. காப்பிக் கலரில் ஒரு புழு. எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாற்பத்தெட்டு வயதில், இத்தனை வருஷ சர்வீஸில் ஆபீஸ் பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனிதர்.

புதன்கிழமை ஜுரம் என்று லீவு சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனார். புழுவைக் கோத்து வீசினார். வீசிவிட்டு, உட்கார்ந்தார். அதுதான் அவருக்குத் தெரியும். தூண்டிலைப் போட்டால் அசையக் கூடாது, இருமக்கூடக் கூடாது, மீன் தானாக வரும். ஆபீசிலும் அப்படித்தான், ஃபைலை மேலே அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரப்பர் புழு ஆற்றின் அடியில் செத்த கயிறு மாதிரி கிடந்தது. ஒரு மணி நேரம் போனது. எடுத்து, பெருங்காயத் தண்ணீரில் நன்றாக முக்கிப் போட்டார். மறுபடி உட்கார்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னொரு தடவை முக்கினார். மதியம் இரண்டு மணிவரை ஒரு கொத்துகூட இல்லை. ஆல்பர்ட் இழுப்பதை மூன்று மாதமாகப் பார்த்தவர்தான். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் அவனுக்கு எத்தனை மீன் என்பதைத்தான், அவன் கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ஆல்பர்ட் அசந்த நேரம் பார்த்து, புழுவைப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டார். அத்தோடு விட்டது சனி என்று மூச்சு விட்டார். விட்டதா என்ன? ஆல்பர்ட் கை விட்டுத் துழாவி, அதையே எடுத்து மாட்டினான். முதல் வீச்சிலேயே விரால். அடுத்து இன்னொன்று. கவ்விய மீன் விடவே இல்லை, முள்ளை முழுங்காத குறை. ஆல்பர்ட்டுக்கே ஆச்சரியம்.

"என்ன அண்ணாச்சி இது? எப்பவும் ரப்பர்னு தெரிஞ்சதும் மறு நொடியே துப்பிரும். பாதி மீன் அப்படித்தான் தப்பிக்கும். இன்னைக்கு விடவே மாட்டேங்கு!" என்றபடி புழுவைக் கையில் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். "இது என்ன, சாம்பார் வாசம்லா அடிக்கு?"

ஆல்பர்ட் புழுவைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவைப் பார்த்தான். பிறகு சிவஞானத்தின் முகத்தைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. ஒரு வாரமாகத் தேடிய புழுவாயிற்றே.

இப்போது நாலு வார்த்தை கேட்பான் என்று சிவஞானம் காத்திருந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. கேட்கட்டும், கத்தட்டும், திருட்டுப்பயலே என்று சொல்லட்டும். அப்போதுதானே இவரும் பதிலுக்கு நாலு கேட்க முடியும்! ஆல்பர்ட் பெட்டியிலிருந்து இன்னும் அஞ்சாறு புழுக்களை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"இதுலயும் கொஞ்சம் தடவுங்க அண்ணாச்சி. ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நெசப் புழுன்னா சும்மா கெடந்தாலும் அது நெளியும், மீனு தேடி வரும். இதுக்கு உசுரு நம்ம கையிலதான். இழுத்தாத்தான் உசுரு, நிப்பாட்டினா மீனுக்குக் கவ்வ நேரம். அவ்ளோதான் சூட்சுமம்."

சிவஞானம் தடவிக் கொடுத்தார். அன்று ஆல்பர்ட்டுக்குப் பதினோரு மீன். அவன் கம்பை வாங்கி இரண்டு வீச்சு வீசியதில் சிவஞானத்துக்கும் ஒரு விரால் விழுந்தது.

மதியம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஏனங்கள் கூடிவிட்டன. "அடேயப்பா, இன்னிக்கு என்ன ஆல்பர்ட், ஆத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் சாந்தகுமாரி.

"எல்லாம் அண்ணாச்சியோட மீனுதான் அக்கா" என்றான் ஆல்பர்ட் சத்தமாக. "நம்ம ரப்பருக்கு அவங்க பெருங்காயத்துல ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. அது இல்லன்னா பாதி மீனு ஓடிருக்கும். நான் சும்மா இழுத்ததுதான்."

"பார்றா! மீன்கார சார்னா மீன்கார சார்தான்" என்றாள் சாந்தகுமாரி. எல்லோரும் சிரித்தார்கள். ஏனங்கள் சிவஞானத்தின் பக்கம் திரும்பின. மூன்று மாதமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அவர் மீனை எடுத்து எடுத்துப் போட்டார். ஒவ்வொரு மீனும் ஆல்பர்ட் பிச்சை போட்டது என்று அவருக்கும் ஆல்பர்ட்டுக்கும் மட்டும் தெரியும். அவன் சுவரில் சாய்ந்து நின்று, உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது கவிதா தோழியிடம் போனில், "எங்க அப்பாதான்டி அதை இன்வென்ட் பண்ணார், ப்ராமிஸ்!" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அம்சவேணி நடுத்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள்.

"அந்தத் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா? அத்தனை பேர் முன்னாடி உங்க பேரைச் சொல்லிருச்சு. ஏங்க, அதோட எடத்துல நீங்க இருந்தா சொல்லிருப்பீங்களா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே போகிறபோக்கில் கேட்டாள். சிவஞானம் யோசித்தார். சொல்லியிருக்கமாட்டார். செத்தாலும் சொல்லியிருக்கமாட்டார். புழு திருடியவன் யாரென்று அத்தனை பேர் நடுவே போட்டு உடைத்திருப்பார். அதை ருசித்து ருசித்துச் சொல்லியிருப்பார். மீன் பிடிப்பதையாவது இழுத்து, நிறுத்தி, எப்படியோ கற்றுக்கொள்ளலாம். அந்தப் பயலுக்கு இந்த மனசு எங்கிருந்து வந்தது? அதையும் அவனுக்கே கொடுத்திருக்கிறானே கடவுள்! மூன்று மாதமாக ஆற்றங்கரையில் எரிந்ததைவிட இப்போது வயிறு அதிகமாக எரிந்தது.

"உப்பு கம்மி" என்றார்.

"சரியாத்தானே இருக்கு?" என்றாள் அம்சவேணி, ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு.

சரியாகத்தான் இருந்தது. அவர் பாதித் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.