சமையலறையிலிருந்து கேட்டவர்

முடிச்சூர் வீட்டைக் காலி செய்து சின்ன ஃபிளாட்டுக்கு மாறவிருந்ததால், கதவளவு உயரமான என் ரிப்பன் ஸ்பீக்கர்களை விற்க நினைத்தேன். ஒரு பிற்பகலில் பம்மலிலிருந்து ஒரு தம்பதி கேட்டுப் பார்க்க வந்தார்கள். கணவர் நேரே ஸ்பீக்கர்களுக்கு எதிரேயிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "கிச்சன் எங்க சார்?" என்றார்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றேன்.

"இல்ல சார், எங்க வீட்ல நான் அங்கேருந்துதானே கேக்கப்போறேன்."

பாட்டைப் போட்டேன். கணவர் சொக்கிப்போயிருந்தார். சமையலறையிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "பாட்டு வருது. வார்த்தைதான் சரியா வரல."

இந்த மாதிரி ஸ்பீக்கரை நேர் எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் தெளிவாக இருக்கும் என்றேன். கணவர் சட்டென்று எழுந்தார். "நீ வந்து உக்காரு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாடுகிறவர் அறை நடுவே வந்து நிற்பதுபோல் குரல் எழுந்தது. அந்த அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. சுவரில் வெயில் மெல்ல இறங்கியது.

பாட்டு முடிந்ததும் கணவர் உள்ளேயிருந்து, "என்னம்மா, வாங்கலாமா?" என்றார்.

"இருங்க. சார், இன்னொண்ணு போடுங்க," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அந்த வீட்டில் ஸ்பீக்கர்களுக்கு எதிரே இப்போது யார் உட்காருகிறார்கள் என்று சில சாயங்காலங்களில் யோசித்துக்கொண்டிருப்பேன்.