செண்பகம் ஏறாத பஸ்

ஷாமளாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்று அவள் அம்மா சந்திரா சொல்வாள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடப்பாள். பாதிக் குளியலில் வெளியே வந்து கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டிவிட்டு மறுபடி உள்ளே போவாள். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். ஆனால் சொன்னது எதுவும் காதில் விழுந்திருக்காது.

கோலா கெத்திலுக்கு வெளியே, எஸ்டேட் லயன் வீடுகளை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் குடியிருப்பு ஒன்றில் அவர்கள் வீடு. அப்பா தர்மலிங்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். ஷாமளா தினமும் ஃபேக்டரி பஸ் ஏறி குருணுக்குப் போய், கார் உதிரிப்பாகங்களைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கிறாள். இருபத்து நான்கு வயது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பாள். அந்த ஆட்டத்தில் எப்படித்தான் படிக்கிறாளோ, தலை சுற்றாதா என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் கேட்பார்கள்.

புத்தகத்தில் வருகிறவர்கள் அவளுக்குப் புத்தகத்தோடு முடிந்துபோவதில்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கதையில், ஒருவன் கப்பல் ஏறிப் போவான். அதோடு கதை முடிந்துவிடும். அவன் கரை சேர்ந்தானா இல்லையா என்று டீச்சரைக் கேட்டாள். "அதான் முடிஞ்சிருச்சேம்மா" என்றார் டீச்சர். அப்பாவைக் கேட்டாள். அவர் யார் என்ன என்று விளங்காமல் "சேந்திருப்பான், தூங்கு" என்றார். அது போதவில்லை. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் அவனைத் தானே கரை சேர்த்தாள். அவள் எழுதிய முதல் கதை அது.

அதன்பிறகு எத்தனையோ நாவல்களை ஆரம்பித்தாள். ஒன்றையும் முடிக்கவில்லை. ஒருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து நிற்பாள். போன வருடம்தான் செண்பகம் வந்தாள். புருஷனிடம் அடி வாங்கி அடி வாங்கி, ஒருநாள் காலையில் துணிப்பையோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிடும் எஸ்டேட்டுக்காரி. இவளை முடிக்காமல் விடுவதில்லை என்று ஷாமளா உறுதியாக இருந்தாள். ஆனால் செண்பகம் குருண் பஸ் நிறுத்தம் வரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்தாள். அதோடு சரி. எழுந்திருக்கவே இல்லை.

வாரக்கணக்கில் அந்த ஒரு வரியிலேயே நாவல் நின்றது. ஷாமளாவுக்கு வேலையில் கவனம் தப்பியது. நல்ல சாமானைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

பக்கத்தில் வேலை பார்க்கும் வாணிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"பஸ்ல ஏத்தி விடுலா. பினாங்குக்கு அனுப்பு. எல்லாரும் அங்கதான போறாங்க" என்றாள் வாணி.

"அங்க யார்கிட்ட போவா? அவளுக்கு யாரையும் தெரியாதே."

"நீதான எழுதுற? தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு எழுது."

"இல்லாதவங்கள எப்படி இருக்காங்கன்னு எழுதறது?"

வாணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

விடுமுறை நாள் ஒன்றில் ஷாமளா, சுங்கைப் பட்டாணிக்குத் துணி எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கையில் ஒரு பழைய துணிப்பை. அதற்குள் மாற்றுடை, துண்டு, அடையாளக் கார்டு. செண்பகம் எதையெல்லாம் எடுத்துக்கொண்டாளோ அதெல்லாம். தலையை வாரிப் பின்னாமல் அள்ளி முடிந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி குருணில் இறங்கி, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். செண்பகத்தின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

வெயில் ஏறியது. ஜெராய் மலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது. லாரிகள் அலோர் ஸ்டார் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. டிரைவர் கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார். அந்தக் கதவு மூடியபோது ஷாமளா தன்னையறியாமல் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் கடை ஒன்று இருந்தது. ஒரு குடை, ஒரு மேசை, ஒரு பெரிய வாணலி. கடைக்காரி ஐம்பது வயதைத் தொட்டவள். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு கிளாஸ் தேநீரோடு வந்து ஷாமளாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாம்மா, பஸ்ஸு வருது போவுது, நீ ஏறவே மாட்டேங்கிற? பசியாறுனியா?"

ஷாமளா தலையாட்டினாள். பசியாறவில்லை என்று.

"எங்க போவணும்?"

"தெரியலக்கா."

அது செண்பகத்தின் பதில். ஷாமளா அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. கடைக்காரி பையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அடிச்சானா?"

அந்த இடத்தில் ஷாமளா நிறுத்தியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் அக்கா, துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பல வாரங்களாகக் காத்துக்கிடந்த கதை அப்போதுதான் நகர்ந்தது. அதை எப்படி நிறுத்துவாள்? தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்று ஆட்டினாள்.

"பேரு என்னா?"

"செண்பகம்."

கடைக்காரி ரமணி வேறெதுவும் கேட்கவில்லை. எண்ணெயை இறக்கி வைத்தாள். மாவு கரைத்த பாத்திரத்தை மூடினாள். வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் குடையை மடக்கினாள். "வா" என்று சொல்லி ஷாமளாவைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டாள்.

ரமணியின் வீடு செமிலிங்கில். வேன் கிளம்பியதும் ரேடியோவை அணைத்துவிட்டாள். இது தப்பு என்று ஷாமளாவுக்கு ஒரு பக்கம் தெரிந்தது. இன்னொரு பக்கம், ரமணி ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதையும், கியர் மாற்றும்போது வளையல் இறங்கி ஏறுவதையும் அவள் மனம் தானாகவே குறித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து உணர்ந்ததில் அவளுக்குத் தன்மேலேயே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரமணி கேட்டைப் பூட்டினாள். உள்ளே வந்தவள் திரும்பப் போய் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஈப்போவில் படிக்கும் தன் மகளின் அறையைத் திறந்துவிட்டாள். "இங்க படுத்துக்க. எத்தன நாளானாலும் பரவால்ல. எங்க வீட்டுக்காரரு வேல முடிஞ்சு வந்ததும் நா சொல்லிக்கிறேன்." சோறும் முந்தின நாள் மீன் குழம்பும் போட்டாள். ஷாமளா சாப்பிட்டாள். நல்ல குழம்பு.

பாதிச் சாப்பாட்டில் ரமணி கைப்பேசியை எடுத்தாள்.

"சாப்புட்டு முடி. போலீஸ் பாலாய்ல போய் ரிப்போர்ட் ஒன்னு எழுதிருவோம். அங்க எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒன்னு வேல செய்யுது. அவன் பேரு, ஐசி கார்டு நம்பரு தெரியுமா?"

ஷாமளாவின் கை தட்டிலேயே நின்றது.

"அக்கா, வேணாக்கா."

"பயப்படாத. நானும் கூட வர்றேன்."

"அக்கா, நா பொய் சொல்லிட்டேன். எனக்குக் கல்யாணமே ஆவல."

ரமணி கைப்பேசியைக் கீழே இறக்கினாள். "அப்ப யாரு அடிச்சது? அப்பாவா?"

"யாரும் அடிக்கலக்கா. என் பேரு ஷாமளா. நா ஒரு நாவல் எழுதுறேன். அதுல ஒருத்தி வர்றா. அவ அந்த பஸ் ஸ்டாப்புல வந்து உக்காருவா. அதுக்கப்புறம் அவளுக்கு என்ன ஆவும்னு எனக்குத் தெரியல. அதான்..."

"கதையா?"

"ஆமாக்கா."

ரமணி அவளைத் திட்டவில்லை. சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு "கையக் கழுவு" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் ஷாமளா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் ரமணி வாயைத் திறந்தாள்.

"நாளைக்கி நெசமாவே ஒருத்தி பையத் தூக்கிட்டு வந்து இங்க உக்காருவா. நா என்னா நெனப்பேன்? இதுவும் கதைதான்னு நெனச்சிட்டு என் வேலையப் பாத்துக்கிட்டு இருந்துருவேன். அந்தப் பாவம் யாருக்கு? எறங்கு."

அந்த வாரம் ஷாமளாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே வாரத்தில்தான் நாவலும் பாய்ந்தது. ஃபேக்டரி பஸ்ஸில், மதிய இடைவேளையில், அம்மாவுக்காக மளிகைக்கடையில் நிற்கும்போது என்று கட்டைவிரல் வலிக்க வலிக்கக் கைப்பேசியில் எழுதினாள். பொரித்த பழம் விற்கும் ஒருத்தி வந்து செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவளை யாரும் தடுக்க முடியாது. எழுதிய பக்கங்களைப் படித்துப் பார்த்தால் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. உடனே ரமணி குடையை மடக்கியது கண்முன் வரும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடப்பாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திராவுக்குக் கதையும் புரியவில்லை, காரணமும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது.

"அந்தம்மா கடைய மூடிட்டுல்ல வந்திருக்கா? அன்னைக்கி வியாபாரம் போச்சே. போய்க் கால்ல விழு."

"போனா வெரட்டுவாங்கம்மா."

"வெரட்டட்டும். அதுக்காவ போவாம இருப்பியா?"

அடுத்த விடுமுறைக்கு ஷாமளா போனாள். கடையில் கூட்டம். ரமணி அவளைப் பார்த்தாள். பார்க்காததுபோல் பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். லாரிக்காரர்கள் வாங்கிப் போனார்கள். ஷாமளா குடையின் நிழலுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் குறைந்தபோது ரமணி தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என்னா, இன்னைக்கி யாரு நீ?"

"ஷாமளாக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான்கா." ஷாமளா கைப்பேசியை வெளியே எடுத்தாள். "உங்களப் பத்தி எழுதியிருக்கேன். நீங்க வேணாம்னா அழிச்சிர்றேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

ரமணி போ என்று சொல்லவில்லை. ஒரு சீப்பு பழத்தை எடுத்து வைத்து உரிக்க உட்கார்ந்தாள். ஷாமளா கைப்பேசியைத் திறந்து படித்தாள். லாரி கடக்கும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி படித்தாள். யாரோ வந்து பழம் கேட்க, ரமணி எழுந்து கொடுத்துவிட்டு வந்து, "ம், படி" என்றாள். அந்த இரண்டு சொல்லில் ஷாமளாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

படித்து முடித்ததும் ரமணி கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொம்பள நானில்ல."

"ஏன்கா?"

"இவ பெரிய தைரியசாலியா இருக்கா. கண்ணகி மாதிரி பேசுறா. எனக்கு அன்னைக்கி ஒரே யோசன. ஒன் புருஷன் பாராங் கத்தியோட பின்னாலயே வந்துட்டா என்னா பண்றது? வீட்ல அவரும் இல்ல. கேட்டப் பூட்டிட்டு மறுபடி போய்ப் பாத்தேன், நீ பாக்கல?"

"பாத்தேன்கா. ஏன்னு வெளங்கல."

"பயம்லா. சோத்தப் போடறப்பகூட காது வாசல்லதான் இருந்துச்சு."

"அவ்ளோ பயம்னா ஏன்கா என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

ரமணி இந்தக் கேள்விக்கு விசேஷமாக எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

"உக்காந்திருந்தியே" என்றாள்.

பிறகு எண்ணெயில் அடுத்த பழத்தை விட்டுக்கொண்டே சொன்னாள்: "எழுதிக்க. என் பேரப் போடாத. பொண்ணு படிச்சுக்கிட்டு இருக்கு. ஆனா நீ பண்ணது எனக்கு இன்னும் ஆறல. அதையும் தெரிஞ்சுக்க."

ஷாமளா அந்த அத்தியாயத்தை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பயந்தவள் ஒருத்தி பயந்தபடியே வண்டியை ஓட்டினாள். பயந்தபடியே சோறு போட்டாள். அப்படி எழுதிய பிறகு செண்பகமும் வேறு மாதிரி ஆனாள். அதுவரை அழுதுகொண்டே இருந்தவள், தனக்காக இன்னொருத்தி நடுங்குவதைப் பார்த்து, முதல் தடவையாகக் கோபப்பட்டாள். அந்தக் கோபம்தான் அவளை நாவலின் கடைசிவரை இழுத்துப் போனது. மழைக்காலம் தொடங்கும்போது ஷாமளா தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நாவலை முடித்தாள்.

முடித்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். பாதியாகக் குறைத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எதை வெட்டுவது என்று தெரியாமல் வெட்டி, வெட்டியதைத் திரும்ப ஒட்டி, இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சந்திராவிடம், இது புத்தகமாக வரட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறாள். "அது எப்ப வர்றது, நீ எப்ப போறது?" என்கிறாள் சந்திரா.

ரமணியின் கடைக்கு இப்போதும் போகிறாள். சில நாள் ரமணி நன்றாகப் பேசுவாள், சில நாள் பேசமாட்டாள். ஷாமளா இரண்டுக்கும் பழகிவிட்டாள்.

போன வாரம் அவள் தலைக்குள் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். செம்பனை லாரி ஓட்டுகிற, அதிகம் பேசாத ஒரு மனிதர். அவர் ஏன் பேசுவதில்லை என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இந்த முறை யாரையும் ஏமாற்றப் போவதில்லை. காலையில் லாரி சாவியை எடுத்த தர்மலிங்கத்திடம் நேராகவே கேட்டாள்.

"ப்பா, இன்னைக்கி எனக்கு லீவு. நானும் கூட வரட்டா? உங்களப் பத்திக் கொஞ்சம் எழுதணும்."

தர்மலிங்கம் மகளை மேலும் கீழும் பார்த்தார். "என்னைப் பத்தி என்னா இருக்கு எழுத?" என்றார். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.