சீதனக் கோழிகள்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகம் நிறையக் கப்பல், கப்பல் நிறையப் பசி. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகாம்களுக்கு எத்தனை கோழி கொண்டுபோனாலும் வாங்கினார்கள்.

அப்போதுதான் நான் சல்லியிலிருந்து நிலாவெளிக்கு மருமகளாக வந்திருந்தேன். சீதனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா கடைசி நேரத்தில் இரண்டு பேட்டுக் கோழிகளைக் காலைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார். மாட்டுப்பட்டி வைத்திருந்த என் மாமிக்கு, வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று.

"பசுவும் கண்டும் வருமெண்டு பாத்தன். கொக்கரிச்சுக்கொண்டெல்லோ வருகுது சீதனம்!" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னார்.

ஒருநாள் கோழி வியாபாரி படலையில் வந்து நின்றார். மாமி தன் கோழிகள் அத்தனையையும் பிடித்துக் கொடுத்தார். அடுத்தது என்னுடையவைதான். அவற்றைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கடகத்தால் மூடினேன். சும்மா இருக்குமா? உள்ளே கொக்கரிக்கத் தொடங்கின. நான் உலக்கையை எடுத்து வெற்று உரலைப் போட்டு இடித்தேன்.

"மருமகள் நல்ல வேலைகாரி போல," என்று மெச்சிவிட்டு வியாபாரி போனார்.

கூப்பன் அரிசி முடிந்த வீட்டில் இவள் எதை இடிக்கிறாள் என்று மாமி எட்டிப் பார்த்தார். பிடிபட்டேன்.

"இருக்கட்டும். அவன் திரும்பி வருவான்தானே," என்று சொல்லி இரண்டையும் கூட்டில் அடைத்துப் பூட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மழை ஓய்ந்ததும் மாடுகளில் உண்ணி ஏறியது. முன்பெல்லாம் மத்தியானத்தில் மாடுகள் படுத்து அசைபோடும்போது, கோழிகள் சுற்றி நின்று உண்ணிகளைக் கொத்தித் தின்னும். ஊர்க்கோழி முழுவதும் வெள்ளைக்காரனின் வயிற்றுக்குள் போய்விட்டதை உண்ணிகள்தான் முதலில் கண்டுபிடித்தன.

அடுத்த வளவுப் பசு காய்ச்சலில் விழுந்து, இரத்தமாக மூத்திரம் போய்ச் செத்தது. மாமியின் சிவலைப் பசுவோ நிறைசினை. அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. மாமி விடிந்ததிலிருந்து உண்ணி பிடுங்கிச் சிரட்டையில் போட்டு நெருப்பில் கொட்டுவார். ஆனால் மடிக்குக் கிட்டக் கை போனால் சிவலை உதைத்தது. உதைபட்ட ஒருநாள் அப்படியே மண்ணில் குந்தியிருந்து அழுதார்.

"இதுவும் போச்செண்டால் என்ன செய்யிறது பிள்ளை?"

முதல்தடவையாக அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. போய்க் கூட்டைத் திறந்துவிட்டேன்.

மாமியை உதைத்த சிவலை, என் கோழிகளுக்குக் காலை அகட்டிக் கொடுத்துப் படுத்தது. அன்றிலிருந்து மத்தியானமானால் மாமி, "வாங்கோ பிள்ளையள், வாங்கோ," என்று கோழிகளை மரியாதையாக அழைப்பார். எனக்கு வழக்கம்போல "எடியே"தான்.

சிவலை நல்லபடியாக ஒரு நாகுக் கன்றைப் போட்டது. பிறகு ஒருநாள் அந்த வியாபாரி மறுபடி வந்தார். முற்றத்தில் மேய்ந்த என் கோழிகளைக் கண்டு, "அக்கா, இதுகளைத் தாங்கோவன்," என்று கேட்டார்.

"ஏலாது தம்பி," என்றார் மாமி. "அது என்ர மருமகள் கொண்டுவந்த சீதனம்."

குசினிக்குள் நின்ற எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியில் கேட்டுவிடக் கூடாதென்று, உலக்கையை எடுத்து வெற்று உரலை இடிக்கத் தொடங்கினேன்.